நோ பார்க்கிங் கோடே தெரியாத இடத்துல பார்க்கிங் ஃபைன் போட்டா என்ன செய்யணும்

வைப்பர்ல சொருகியிருக்கிற சீட்டைப் பார்த்ததும் கோவத்துல வண்டிய எடுத்துட்டுப் போயிடாதீங்க. வண்டி நின்ன நிலையிலயே போட்டோ எடுக்கணும், எடுத்துட்டுப் போயிட்டா எந்த டயர் எங்க நின்னுச்சுன்னு அப்புறம் வாயாலதான் சொல்லிட்டிருக்கணும்.

முதல்ல தள்ளி நின்னு வண்டி, ரோடு, பக்கத்துல இருக்கிற போர்டு கம்பம் எல்லாம் ஒரே படத்துல வர்ற மாதிரி எடுங்க, அப்புறம் டிரைவர் சீட்டுல உக்காந்தா கண்ணு இருக்கிற உயரத்துல இருந்து ஒண்ணு, ஏன்னா குனிஞ்சு தேடினா தெரியற கோடு வண்டி ஓட்டிட்டு வர்றவனுக்குத் தெரியாது, கேள்வியே அதுதான். கடைசியா கிட்டப் போய், அளவு தெரிய செருப்புக் காலையும் சேர்த்து ஒண்ணு. எனக்கு நடந்தப்போ பைப்புக்குத் தோண்டிட்டு மேல தார் ஒட்டுப் போட்டிருந்தாங்க, மஞ்சக் கோடு அந்த ஒட்டுக்கு அடியில போயிடுச்சு, என் வண்டி சரியா அது மேலதான் நின்னுச்சு. ராத்திரி மழையில மாட்டினீங்கன்னா அதே நேரத்துக்குத் திரும்பப் போய் எடுங்க, ஈர ரோட்டுல லைட் பட்டு மின்னும்போது நல்ல கோடே தெரியாது.

போட்டோவ வாட்ஸ்அப்ல படமா அனுப்பி வச்சுக்காதீங்க, அது சுருக்கும்போது எடுத்த தேதி, நேரமெல்லாம் போயிடும், போன்ல இருக்கிற ஒரிஜினல் ஃபைல அப்படியே வச்சுக்கோங்க. கூகுள் ஸ்ட்ரீட் வியூல அந்த இடத்தோட பழைய படங்கள் மாசம், வருஷத்தோட இருந்தா பாருங்க, கோடு எத்தனை நாளா அப்படிக் கெடக்குன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். லேசா மங்கியிருக்குங்கிறதுக்காக மட்டும் ஃபைன் ரத்தாகாது, கவனமா ஓட்டுறவருக்குப் புரியுதாங்கிறதைத்தான் பார்ப்பாங்க. ஒட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் கோடு பளிச்சுனு இருந்தா "நடுவுலயும் அதே கோடுதான்னு தெரியாதா"ன்னு கேட்பாங்க, பக்கத்துலயே போர்டு தெளிவா இருந்தாலும் நம்ம கேஸ் வீக்தான். ஜங்ஷன், ஜீப்ரா கிராசிங், அடுத்தவங்க கேட் வாசல், இங்கெல்லாம் ஃபைன் போட பெரும்பாலும் கோடே தேவையில்ல, சும்மா நேரத்த வீணாக்காதீங்க.

பணம் கட்டிடாதீங்க, நிறைய இடத்துல கட்டினா தப்பை ஒத்துக்கிட்டதா எடுத்து கேஸை மூடிடுவாங்க. கடைசித் தேதி என்ன, அப்பீல் போட்டா சீக்கிரம் கட்டுறதுக்கான தள்ளுபடி போயிடுமான்னு சீட்டோட பின்பக்கத்தைப் படிங்க. தனியார் இடமா இருந்தா விதியே வேற, சீட்டு யார் பேர்ல வந்திருக்குன்னு பாருங்க.

லெட்டர் அரைப் பக்கம் போதும். "இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, இந்த இடத்தில் பார்க்கிங் தடைக் கோடு சாலையில் போட்ட தார் ஒட்டுக்கு அடியில் மறைந்திருந்தது, படம் 1, 2, 3 பார்க்கவும், ஃபைனை ரத்து செய்யவும்." அவ்வளவுதான், பக்கத்து வண்டிக்கு ஏன் போடலங்கிற புலம்பலெல்லாம் வேணாம். ஃபைன் போட்டவர் எடுத்த போட்டோவையும் கேட்டு வாங்குங்க, பல நேரம் அதுலயே கோடு தெரியாது. முதல் தடவ நிராகரிச்சா அசராதீங்க, அதுக்கு மேல தீர்ப்பாயமோ கோர்ட்டோ இருக்கும், அந்தக் கெடுவையும் குறிச்சு வச்சுக்கோங்க.

ஒரு வாரம் கழிச்சு அந்தப் பக்கம் போனா ஒரு எட்டுப் பாருங்க. புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா அதையும் எடுத்து பழைய படத்தோட சேர்த்து அனுப்பிடுங்க.