வால்வு ஆம்ப்ளிஃபையரும் மண்டபத்து உப்புக் காற்றும்

ஈ.எல்.84 என்ற வால்வை (கண்ணாடி வெற்றிடக் குழாய்) வைத்து நானே கட்டிய ஆம்ப்ளிஃபையர், ராமேஸ்வரம் அருகே கடலோர ஊரான மண்டபத்துக்கு வந்தபின் பாட்டு கரகரத்தது. வால்வின் பிளேட் (உள்ளே மின்னோட்டத்தை வாங்கும் தகடு) தணலாகச் சிவந்தது. வால்வை மாற்றும் முன், அந்த மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலையான கிரிடில் மீட்டர் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ் 6 வோல்ட்! பாட்டை மட்டும் கிரிடுக்கு விட்டு டி.சி.யைத் தடுக்க வேண்டிய பழைய காகிதக் கப்ளிங் கப்பாசிட்டர், அந்த டி.சி.யைக் கசியவிட்டிருந்தது. ஈரம் குடித்த காகிதம் வேறென்ன செய்யும்? 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போட்டதும் சிவப்பு போனது.

அப்புறம் கார்பன் காம்பசிஷன் ரெசிஸ்டர்களுக்குப் பதில் மெட்டல் ஃபிலிம். கார்பன் ஈரத்தில் மதிப்பு மாறும் ரகம். அதில்தான் இனிமை என்பவர்கள் கடலோரத்தில் குடியிருப்பதில்லை போல. சாக்கெட், பீங்கான்.

கை வைக்கும் முன், பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கப்பாசிட்டரில் தேங்கிய மின்னேற்றத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட் அதில் நிற்கலாம்.