தூண்டில் குளத்தைச் சீசனுக்குத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை கடந்து மாரி மழை ஓயத் தொடங்கியதும், மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் கபானா (விருந்தினர் குடில்) போட்டு, காசு வாங்கித் தூண்டில் போடவிடும் குளம் நடத்துகிறவர்கள் முதலில் ஓடிப்போய் வாங்குவது பெயின்ட் வாளி. சித்திரையில் பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள், அதற்குள் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற அவசரம் விளங்குகிறது. ஆனால் கெண்டை பிடிக்க வருகிறவர் காசு கொடுப்பது தண்ணீருக்கும் அதற்குள் இருக்கிற மீனுக்கும். அந்த இரண்டையும் பார்க்காமல் சுவரைப் பார்ப்பதுதான் பெரிய தவறு, மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்தே வருகிறது.

மாரிக்குப் பிறகு உங்கள் குளத்தில் என்ன மீன் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. வெள்ளம் கட்டுக்கு மேலால் பாய்ந்திருந்தால் நீங்கள் வளர்த்த ரோகு, கட்லா போன்ற கெண்டைகள் வயல்வெளியோடு போயிருக்கும், பதிலுக்கு விராலும் சுங்கானும் திலாப்பியாவும் உள்ளே வந்திருக்கும். போன வருடக் கணக்கை வைத்துக்கொண்டு "பெரிய மீன் நிறைய இருக்கு" என்று விளம்பரம் போடாதீர்கள். மாசியில் ஒரு தடவை வலை இழுத்துப் பாருங்கள். விராலை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் விடப்போகிற குஞ்செல்லாம் அதற்குத்தான் சாப்பாடு. தண்ணீர் வரும் வழி, வான் பாயும் வழி இரண்டிலும் வலைக்கம்பி கிழிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், குப்பை அடைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் குஞ்சு விடுவது. பங்குனியில் குஞ்சு வாங்கி விட்டால் வைகாசியில் பிடிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விரல் நீளக் குஞ்சு, நன்றாகச் சாப்பிட்டாலும், ஒரு கிலோவை எட்ட ஏறக்குறைய ஒரு வருடம் போகும், ஆகவே இப்போது விடுவது அடுத்த சீசனுக்கான மீன். இன்னொன்று, ரோகு, கட்லா, மிரிகால் மூன்றும் ஓடும் தண்ணீரில் முட்டையிடுகிறவை, தேங்கின குளத்தில் பெருகாது. அதனால் வருடா வருடம் விட்டே ஆக வேண்டும். கொமன் காப் என்கிற சாதாரணக் கெண்டை அப்படியில்லை, ஓரத்துப் புல்லில் முட்டையிட்டுப் பெருகி, அடியைக் கிண்டித் தண்ணீரையும் கலக்கிவிடும். குஞ்சுக்கு அம்பாறையில் இங்கினியாகலை மீன்குஞ்சு நிலையம் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒட்சிசன் அடைத்த பையில் வருகிற குஞ்சை வந்த கையோடு தண்ணீரில் கொட்டக் கூடாது. பையைக் கால் மணித்தியாலத்துக்கு மேல் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியே போகும்வரை பொறுங்கள். அதுவும் வெயில் ஏறுமுன் அல்லது பொழுது சாயும் நேரத்தில்.

இனி நான் அதிகம் கவலைப்படுகிற விடயத்துக்கு வருகிறேன். நம் வெக்கையில் தண்ணீருக்குள் மூச்சு குறைவு. 10 பாகை குளிரில் ஒரு லீற்றர் தண்ணீர் 11 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் பிடித்து வைக்கும், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவுதான். பகலில் பாசி ஒட்சிசன் கொடுக்கும், இரவில் அந்தப் பாசியே அதை எடுக்கும், அதனால் விடியப் போகும் நேரம்தான் மீனுக்கு மிகவும் மோசமான நேரம். ஐந்து மணிக்கு எழும்பிக் குளக்கட்டில் நின்று பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றால் அது பசியால் இல்லை, மூச்சு முட்டுகிறது. பலர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் தவிடு போடுகிறார்கள், அது அடியில் கிடந்து அழுகி மிச்ச ஒட்சிசனையும் தின்னும். தீனியை நிறுத்துங்கள், காற்றடிக்கும் மோட்டரைப் போடுங்கள். கறண்ட் போனால் ஓட்ட மாற்று வழி இருக்க வேண்டும், விருந்தினர் அறைக்கு ஜெனரேட்டர் வைத்துவிட்டு மீனை இருட்டில் விடாதீர்கள். ஆற்றுவாழைக்கு (ஆகாயத்தாமரை) மருந்தடித்து அப்படியே சாகவிடுவதும் இதே ஆபத்துத்தான், இழுத்துக் கரையில் ஏற்றுங்கள். சிறுபோக (கோடைக்கால நெல்) விதைப்பு நேரம் வயலில் களைநாசினி அடிப்பார்கள், அந்த நாட்களில் வயல் வடிகால் தண்ணீர் குளத்துக்குள் வராதபடி வாயை அடைத்து வையுங்கள்.

பிடித்த மீனைத் திருப்பி விடுவதுதான் இந்தத் தொழிலின் உயிர், ஆனால் செத்துப்போகப் போகிற மீனைத் திருப்பி விடுவதில் பயனில்லை. மத்தியான வெயிலில் சீமெந்துப் படிக்கட்டில் ஒரு ரோகுவைக் கிடத்திப் பாருங்கள், இரண்டு தரம் துள்ளினால் செதில் நான்கு கழன்றிருக்கும், மேலே இருந்த வழுவழுப்பு படியில் ஒட்டியிருக்கும். அந்த வழுவழுப்புத்தான் அதற்குக் காவல், அது போன இடத்தில் பூஞ்சணம் பிடித்து சில நாளில் மிதக்கும், விருந்தினர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். ஒவ்வொரு தூண்டில் இடத்திலும் தடித்த மெத்தை ஒன்றும், அதை நனைக்க ஒரு வாளித் தண்ணீரும், மீனைத் தூக்க முடிச்சில்லாத அத்தாங்கும் (கைவலை) வையுங்கள். எதிர்முள் இல்லாத தூண்டில் மட்டும் அனுமதியுங்கள். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை தூண்டில் வேண்டாம் என்று எழுதிப் போடுங்கள், சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. வெளியூரிலிருந்து கொண்டு வருகிற அத்தாங்கை நன்றாக வெயிலில் காயவைக்காமல் குளத்தில் போடவிடாதீர்கள், மீனில் ஒட்டி வாழும் மீன் பேன் அப்படித்தான் வந்து சேரும்.

ஐரோப்பாவிலிருந்து வருகிறவருக்குக் கெண்டை என்றால் அடியில் மேய்வது. இங்கே மிரிகால்தான் அடியில், ரோகு நடுத்தண்ணீரில், கட்லா மேலே. இதைச் சொல்லிக் கொடுக்க ஊர்ப் பொடியன் ஒருவன் பக்கத்தில் நிற்க வேண்டும், நியாயமான சம்பளத்தைக் கொடுத்து அவனைச் சீசன் முழுக்க வைத்திருங்கள்.

சொந்தக் குளம் இல்லாமல் உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்களை நம்பி நடத்துகிறவர்கள் செய்கிற தவறு வேறு. அந்தக் குளத்தில் வலை போட்டுச் சீவிக்கிற நன்னீர் மீனவர் சங்கம் இருக்கும், அவர்களோடு பேசாமல் வெள்ளைக்காரரைத் தோணியில் ஏற்றாதீர்கள். சேனநாயக்க சமுத்திரத்தை ஒட்டிக் கல்ஓயாத் தேசியப் பூங்கா இருக்கிறது, 1954 முதல், அங்கே வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுத்தான் எதுவும்.

முதலை பற்றி மறைக்காதீர்கள். வெள்ளத்தோடு இடம் மாறியிருக்கும், கரையில் வழுக்கிய தடம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மீன் தூக்க யாரையும் விடாதீர்கள். தவிட்டு மூட்டையைக் கபானாவுக்குப் பக்கத்தில் அடுக்கினால் யானை தேடி வரும். சித்திரையில் பின்னேரம் இடி முழங்கினால் உடனே தூண்டில் தடியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், இப்போதைய தடிகள் கார்பனில் செய்தவை, மின்னலுக்கு அது நல்ல கம்பி.

பெரிய குளத்தை நம்பியிருந்தால், சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடப்போகிறார்கள் என்று வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் வட்டவிதானையிடம் கேட்டுவிட்டுத்தான் ஆவணி, புரட்டாதிப் பதிவுகளை எடுங்கள். அந்த மாதங்களில் தண்ணீர் வயலுக்குப் போய்க் குளம் வற்றிக் கிடக்கும், உங்கள் படித்துறையிலிருந்து தண்ணீருக்குச் சேற்றில் நடக்க வேண்டி வரும். பதிவு எடுத்தே ஆக வேண்டுமென்றால் வற்றின குளத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.