கோணல் அலகுக் குருவியைப் பற்றி நாம் தவறாக நினைப்பவை

கிராஸ்பில் என்னும் இந்தக் குருவியின் படத்தைக் காட்டினால் பலரும் முதலில் கேட்பது, "அலகு கோணலா இருக்கே, அடிபட்டிருக்கா?" என்றுதான். இல்லை, அந்தக் கோணல்தான் அதற்குச் சோறு போடுகிறது. மூடிய பைன் காயின் செதில்களுக்கு நடுவே அலகு நுனியைச் செருகி, கீழ் அலகைப் பக்கவாட்டில் நகர்த்தி இடைவெளியை விரித்து, நாக்கை நீட்டி விதையை எடுத்துக்கொள்ளும். ஆய்வாளர் கிரெய்க் பெங்க்மனும் இன்னொருவரும் 1991இல் வெளியிட்ட சோதனையில், நகம் வெட்டுகிற மாதிரி அந்த நுனியை மட்டும் நறுக்கிப் பார்த்தார்கள். திறந்த காயில் வழக்கம்போலத் தின்ற பறவைகள் மூடிய காயில் தோற்றுப்போயின. நுனி வளர வளர, விட்ட திறமையும் திரும்பி வந்தது.

கிராஸ்பில் என்றாலே ஊர் ஊராக அலையும் என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. பெரும்பாலானவை காய்ப்பைத் தேடி அலைபவைதான். ஆனால் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சவுத் ஹில்ஸ், ஆல்பியன் மலைகளில் வாழும் காஸியா கிராஸ்பில் வருடம் முழுக்க அங்கேயே இருக்கும், ஏனென்றால் அங்குள்ள லாட்ஜ்போல் பைன் தன் காய்களை வருடக்கணக்கில் மூடியபடியே கிளையில் வைத்திருக்கிறது. நெற்குதிர் மாதிரி, எப்போது போனாலும் விதை உண்டு.

சரி, அதே பைன் மற்ற மலைகளிலும் இருக்கிறதே, அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளாதா? இப்படி நினைப்பவர்கள் அணிலை மறந்துவிடுகிறார்கள். மற்ற இடங்களில் சிவப்பு அணில்கள் காய்களை முந்திக்கொண்டு அறுத்துச் சேர்த்துவிடும். இந்த இரண்டு மலைகளிலும் அந்த அணில் கிடையாது, அதனால் மரத்துக்கு முக்கிய எதிரி இந்தக் குருவிதான். அதைத் தடுக்க மரம் செதிலைத் தடிப்பாக்க, குருவியின் அலகும் தலைமுறை தலைமுறையாகப் பருத்தது. 2017இல் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டார்கள். அறிவியல் பெயரான லாக்ஸியா சைனசியூரிஸ் என்பதிலேயே 'அணில் இல்லாத' என்ற பொருள் இருக்கிறது.

போட்டோவை மட்டும் வைத்து இனம் சொல்லாதீர்கள். மற்ற கிராஸ்பில்களும் அதே காட்டுக்கு வந்துபோகும், பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். குரலைப் பதிவு செய்து ஒப்பிடுவதுதான் வழி.

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு ஒன்று உண்டு. சூடு பட்டால்தான் இந்தக் காய் திறக்கும், ஆகவே காட்டுத்தீ குருவிக்கு விருந்து என்கிறார்கள். சூட்டில் காய்கள் ஒரேயடியாகத் திறந்தால் பல வருடத்துக்கான விதை மொத்தமாகக் கொட்டிப்போகும். 32 டிகிரியைத் தாண்டும் கோடை நாட்கள் கூடினாலே காய்கள் நேரம் தவறித் திறக்கின்றன. 2020இல் பேட்ஜர் என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ சவுத் ஹில்ஸ் காட்டின் கணிசமான பகுதியை எரித்தது. அங்கே முளைத்த கன்றுகள் வளர்ந்து, காய்த்து, அந்தக் காய்கள் கிளையில் சேர்ந்து குதிர் மறுபடி நிறையப் பல பத்தாண்டுகள் ஆகும்.