காற்றாலையா, காடா என்று கேட்காதீர்கள்: சூழல் ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரிய மின் பூங்கா ஒன்று வரப்போகிறது என்றதும் சூழல் ஆர்வலர்களே இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ‘புவி சூடாகிறது, எதையும் தடுக்காதீர்கள்’ என்கிறது ஒரு தரப்பு. ‘ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக்கூடாது’ என்கிறது இன்னொன்று. இரண்டு பேரின் கவலையும் நியாயமானதுதான். ஆனால் வேண்டும், வேண்டாம் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில், ‘எங்கே அமைப்பது?’ என்ற கேள்விக்கு வேறு யாரோ விடை எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க அரசு 2012-ல் ஆறு மேற்கு மாநிலங்களின் பொது நிலங்களை ஆராய்ந்து, பாதிப்பு குறைவாக இருக்கும் என்று கருதிய 17 இடங்களைச் சூரிய மின் மண்டலங்களாக ஒதுக்கியது. அந்தத் தேர்விலும் குறை சொல்ல இடமுண்டு. ஆனாலும் நிறுவனம் வந்து நிற்பதற்கு முன்பே இடத்தைப் பேசி முடிப்பதுதான் சரியான வரிசை.

நான் மிகவும் அஞ்சும் தவறு ‘காலி நிலம்’ என்ற சொல். வரி வராத நிலத்தைத் தரிசு என்று எழுதிவைப்பது பதிவேட்டின் பழக்கம். நாமும் அதே சொல்லை எடுத்துப் பேசினால், அங்கே மேயும் ஆட்டையும் கூடு கட்டும் பறவையையும் நாமே அழித்துவிடுகிறோம். கலிபோர்னியாவின் மோஹாவி பாலைவனத்தில், பொது நிலத்தில் இவான்பா சூரிய மின் நிலையம் எழுந்தபோது, எதிர்பார்த்ததைவிட அதிகமான பாலை ஆமைகள் அங்கே வாழ்வது தெரியவந்தது. 2011-ல் கட்டுமானத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பாலைவனத்தில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணத்துக்கு ஆமைகள் சொன்ன பதில் அது.

சூரியத் தகடுகளை மட்டும் பார்த்துவிட்டு மின்கம்பிகளை மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ராஜஸ்தானில் வாழும் கானமயில் என்ற பெரிய பறவைக்குக் கனத்த உடல். நேர் எதிரே இருப்பதைப் பார்க்கும் திறனும் குறைவு. கம்பி தெரியும்போது விலகிப் பறக்க நேரம் இருப்பதில்லை. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அதன் வாழிடங்களில் சாத்தியமான இடங்களிலெல்லாம் கம்பிகளை நிலத்தடியில் கொண்டுசெல்ல உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் திருத்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. ஆகவே திட்ட வரைபடத்தைக் கையில் எடுத்ததும் மின்பாதை எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். அது இல்லாத வரைபடம் முழு வரைபடம் ஆகாது.

தூய ஆற்றல் என்பதாலேயே அது மக்களின் உரிமைக்கு மேலானது என்று நினைத்துவிடக் கூடாது. நார்வேயின் ஃபோசன் பகுதியில், சாமி பழங்குடியினர் கலைமான் மேய்க்கும் நிலத்தில் காற்றாலைகள் அமைக்க அரசு உரிமம் தந்தது. அந்த உரிமங்கள் செல்லாது என்று 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 151 காற்றாலைகளும் சுழன்றுகொண்டிருந்தன; தீர்ப்புக்குப் பிறகும் சுழன்றன. வழக்கு முடியும் முன் கட்டுமானத்தை அனுமதித்ததன் விளைவு இது. காற்றாலையை ஆதரிப்பவர்கள்தாம் இதை முதலில் எதிர்த்திருக்க வேண்டும் என்பேன்.

இனி, ஒரு திட்டத்தைப் பற்றி அரசு கருத்துக் கேட்கும்போது மனு எழுதும் விஷயம். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் கையெழுத்திட்டு அனுப்பினால், எத்தனை பேருக்கு அக்கறை இருக்கிறது என்பது தெரியும். ஆனால் அதிகாரி பதில் சொல்ல வேண்டிய வாதம் ஒன்றுதான். அதைவிட, திட்டத்தால் சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று கணிக்கும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படியுங்கள். பறவைக் கணக்கெடுப்பு எந்த மாதத்தில் நடந்தது? வலசைப் பறவைகள் வராத மாதமாக இருந்தால், பக்க எண்ணோடு எழுதுங்கள். நீரோடை எந்தப் பக்கம் ஓடுகிறது, ஆடுமாடுகள் எந்தத் தடத்தில் போகின்றன என்பதை அங்கே வாழ்பவர் எழுதினால் அதற்கு ஈடில்லை. கெடு தேதியைத் தவறவிட்டால் இத்தனை உழைப்பும் வீண்.

மெகாவாட் என்பது நிலையத்தின் திறன், யூனிட் என்பது அது தரும் மின்சாரத்தின் அளவு; இரண்டையும் குழப்பிக்கொள்வது சிறிய தவறாகத் தோன்றும், ஆனால் மேடையில் ஒரே நொடியில் நம்பகத்தன்மையைப் பறித்துவிடும். ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்கும். சூரியன் இரவில் இல்லை. பயன்பாட்டு விகிதம், அதாவது முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் உண்மையாகக் கிடைக்கும் பங்கு, 20 சதவீதம் என்று கொண்டால் சுமார் 17.5 லட்சம்தான். ‘எல்லாவற்றையும் கூரைமேல் போட்டுவிடலாம்’ என்று சொல்லும் முன்னும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கூரைகளும், குஜராத்தில் 2012-ல் செய்ததுபோல் கால்வாயின் மேற்பரப்பும் நிலத்தின் சுமையைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்பதை எண்ணோடு சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்ததும் கலைந்துபோகவும் கூடாது. நிபந்தனைகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வேலிக்கடியில் சிறு விலங்குகள் நுழைய இடைவெளி விடுவதாக அதில் எழுதியிருந்தால், நேரில் போய்க் குனிந்து பாருங்கள்.