தோட்டத்து அணை உடைந்தால் கீழே எத்தனை நிமிடம்? தொடக்கநிலையினருக்கு ஒரு கணக்கு

டர்பனுக்கு வடக்கே, வெருலம், டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் காணப்படும் சிறு மண் அணைகளைப் போல, 10 மீட்டர் உயரமும் 5,00,000 கன மீட்டர் கொள்ளளவும் கொண்ட ஓர் அணையைக் கற்பனை செய்துகொண்டு, அது உடைந்தால் கீழே என்ன ஆகும் என்று காகிதத்திலேயே கணக்கிடுவோம்.

முதலில் அளவைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டப்படி, சுவர் 5 மீட்டருக்கும் கொள்ளளவு 50,000 கன மீட்டருக்கும் மேற்பட்டால் அந்த அணை பாதுகாப்பு விதிகளுக்கு உட்படும். 12 மீட்டரை எட்டாததால் நம்முடையது 'சிறியது'.

அடுத்து, உடையும் விதம். மிகைநீர் வெளியேறும் கலிங்கு போதாமல் கரைக்கு மேலே நீர் வழிந்து அரிக்கலாம். அல்லது மதகுக் குழாயை ஒட்டிய கசிவு உள்ளிருந்தே மண்ணைக் கொண்டுபோகலாம். முன்னது மழையோடு வருவதால் ஊர் விழித்திருக்கும். எனக்கு அச்சம் தருவது பின்னதுதான், ஏனெனில் அது வெயில் நாளிலும் வரும். இரண்டையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

உச்ச வெள்ளத்துக்கு, பொறியாளர் ஃப்ரோலிக் 1995இல் தந்த சூத்திரம் போதும்: நீரின் கன அளவை 0.295 அடுக்குக்கும், உடைப்பின் அடிமட்டத்துக்கு மேலுள்ள நீராழத்தை 1.24 அடுக்குக்கும் உயர்த்தி, இரண்டையும் பெருக்கி, 0.607ஆல் மீண்டும் பெருக்க வேண்டும். அணை நிரம்பியிருந்தால் 48 × 17.4 × 0.607, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 506 கன மீட்டர். பழைய உடைப்புகளின் பதிவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் என்பதால், இதன் பாதியையும் இரட்டிப்பையும் வைத்தும் கணக்கை ஓட்டிப் பாருங்கள்.

பள்ளத்தாக்கில் பரவும்போது வெள்ளம் தணியும். எவ்வளவு தணியும் என்பதை இலவசமாகக் கிடைக்கும் ஹெச்இசி-ராஸ் மென்பொருள் சொல்லும். இங்கே, 4 கிலோமீட்டர் கீழுள்ள குடியிருப்பில் நொடிக்கு 300 கன மீட்டர் எஞ்சுவதாகக் கொள்வோம். அகலம் 120 மீட்டர், வேகம் நொடிக்கு 2 மீட்டர் எனில், ஆழம் 1.25 மீட்டர். ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கினால் 2.5; இந்தப் பெருக்கம் 0.6ஐத் தாண்டினாலே பெரியவர்களும் காலூன்றி நிற்பது பாதுகாப்பல்ல. அதே வேகத்தில் வெள்ளம் வந்துசேர 33 நிமிடம் ஆகும். உடைப்பைக் கண்டு சொல்ல 20 நிமிடம் போனால், மிஞ்சுவது 13.

கடைசியாக, இரவில் அங்கே உறங்குவோரை எண்ணுங்கள். தாழ்நிலத்தில் ஏழைகள் குடியேறுவது நமக்குப் புதிதல்ல: 1917 அக்டோபரில் டர்பனில் உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டின் இந்தியத் தோட்டக்காரர்களைச் சூழ்ந்தபோது, 'படவட்டான் அறுவர்' எனப்படும் மீனவர்கள் 176 பேரை மீட்டனர். அது அணை உடைப்பன்று, ஆற்று வெள்ளம்; ஆனால் அன்று போலவே, யார் எங்கே வசித்தார்கள் என்பதுதான் சேதத்தை முடிவு செய்யும். சட்டத்தின் பாதுகாப்பு வகைகளில், உயிரிழப்புக்கும் பெரும் பொருளிழப்புக்கும் இடமில்லாத சிறு அணை முதல் வகையில் இருக்கும். கீழே குடிசைகள் எழும்பினால், கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமலே அது இரண்டாம் வகைக்கு ஏறி, அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் ஆய்வுக்கு உட்படும். ஆகவே எண்ணிய தேதியை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி, ஒவ்வோர் ஆண்டும் கோடை மழைக்கு முன் மீண்டும் எண்ணுங்கள்.