அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் ஆண்டு மாறியிருக்கும், பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். இப்போது, சாட்ஜிபிடி போன்ற சாட்பாட்டிடம் கேட்டு வாங்கிய மேற்கோள்களில் வருகிற பிழை வேறு மாதிரி. ஆசிரியர் உண்மையானவர், ஆய்விதழும் உண்மையானது, ஆனால் அப்படி ஒரு கட்டுரையை யாருமே எழுதியதில்லை.

அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கணித்துத்தான் சாட்பாட் எழுதுகிறது. மேற்கோள் எப்படி இருக்கும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதும் என்று நம்பாதீர்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? மேற்கோளில் டிஓஐ எண் இருந்தால் (கட்டுரைக்குத் தரப்படும் நிலையான இணைய அடையாள எண், 10 என்று தொடங்கும்) அதை டிஓஐ.ஆர்க் (doi.org) தளத்தில் இடுங்கள். போலி என்றால் பெரும்பாலும் எதுவும் திறக்காது, அல்லது சம்பந்தமே இல்லாத வேறு கட்டுரை திறக்கும். எண் இல்லையென்றால் அந்த இதழின் தளத்துக்கே போய், தொகுதி, இதழ் எண், பக்கம் மூன்றையும் பாருங்கள். ஒருமுறை 112ஆம் பக்கத்தில் தொடங்குவதாகச் சொல்லப்பட்ட கட்டுரையைத் தேடிப் போனேன். அந்தப் பக்கத்தில் வேறொருவரின் கட்டுரை பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தது.

‘இது உண்மையா?’ என்று சாட்பாட்டிடமே கேட்பது சோதனை ஆகாது. 2023இல் நியூயார்க்கில், ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், ஒரு வழக்கறிஞர் அப்படித்தான் கேட்டார். உண்மைதான் என்றது சாட்ஜிபிடி. மனுவில் காட்டிய தீர்ப்புகளில் பல எங்குமே இல்லாதவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

மேற்கோள் உண்மையாகவே இருந்தாலும் வேலை முடிவதில்லை. எனக்கு அதிகம் கவலை தருவது சாட்பாட் தரும் சுருக்கம்தான். மூலத்தில் ‘தொடர்பு இருக்கலாம்’ என்றிருப்பது சுருக்கத்தில் ‘காரணம்’ ஆகிவிடுகிறது. ‘எங்கள் மாதிரியில் மட்டும்’ என்ற எச்சரிக்கை காணாமல் போகிறது. ஆகவே நீங்கள் எடுத்தாளும் வரியை மூலத்தில் கண்ணால் பாருங்கள், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்தியோடு சேர்த்து.

எழுதும்போது முதல் வரைவு உங்களுடையதாக இருக்கட்டும். சொல்ல வந்தது நமக்கே எங்கே தெளிவாகவில்லை என்பது எழுதித் திணறும்போதுதான் தெரிகிறது, அந்தத் திணறலை விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம் வேண்டுமானால் வரைவைச் சாட்பாட்டிடம் கொடுத்து ‘எந்த வாதத்துக்கு ஆதாரம் போதவில்லை?’ என்று கேளுங்கள். அதற்கு அது நன்றாகவே உதவுகிறது. தேடுவதற்கான கலைச்சொற்களைக் கேட்டு வாங்கவும் தயங்க வேண்டாம்.

நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர், மதிப்பீட்டுக்காக உங்களை நம்பி அனுப்பிய பிறருடைய கையெழுத்துப்படி, இவற்றை மட்டும் அதில் ஒட்டாதீர்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், தன்னிடம் வரும் ஆய்வு நிதி விண்ணப்பங்களை மதிப்பீட்டாளர்கள் இப்படி ஒட்டுவதை 2023இலேயே தடை செய்துவிட்டது.