பழைய கண்டாங்கியை அன்றாடம் உடுத்துவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் அப்பத்தாக்கள் கட்டிய கண்டாங்கிச் சேலைகள் இன்றும் மரப்பெட்டிகளில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. கல்யாணத்துக்கும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும் மட்டும் அவற்றை வெளியே எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் தடித்த பருத்தி நூல், அகலமான கரை, கடுகு மஞ்சளும் அரக்கும் கறுப்பும் கலந்த கட்டங்கள் ஆகிய யாவும் நாள் முழுவதும் வேலை செய்யும் பெண்ணுக்காக நெய்யப்பட்டவை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை அலமாரிக்குள்ளேயே அடங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சேலையைச் சோதியுங்கள். வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிரே அதை விரித்துப் பிடித்தால், நூல் நைந்த இடங்கள் கண்ணுக்குத் தெரியும். மடிப்பு விழுந்த கோடுகளையும், கரையும் உடலும் சேரும் இடத்தையும் விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்து வந்தால் அந்தச் சேலை உடுத்தும் நிலையில் இல்லை. அதன் நல்ல பகுதியை வெட்டித் தாவணியாகவோ ரவிக்கையாகவோ தைத்துக்கொள்ளலாம். பழைய சேலைகளின் நீளமும் அகலமும் இன்றைய அளவோடு ஒத்திருக்க வேண்டியதில்லை என்பதால், நாடாவால் அளந்து குறித்துக்கொள்வதும் நல்லது.

அடுத்தது சலவை. சேலையின் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை எப்போதும் தனியாகவே அலச வேண்டும். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து அலசி, முறுக்கிப் பிழியாமல் நீரை வடியவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி போடுவதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். புதுச் சேலைக்குப் போடுவதுபோலக் கெட்டியான கஞ்சியைப் போட்டால், பழைய நூல் மடிப்புகளில் விறைத்து உடைந்துவிடும். சோறு வடித்த கஞ்சியில் பல மடங்கு நீர் சேர்த்து, வடிகட்டி, அதில் ஒருமுறை முக்கி எடுத்தால் போதும். சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் சுருக்கம் எளிதில் நீங்கும்.

கட்டும் முறையே இதில் முக்கியமானது. என் அப்பத்தாவின் சேலையை முதன்முறை கட்டியபோது, ஷிஃபான் சேலைக்கு வைப்பதுபோல எட்டுக் கொசுவங்களை நெருக்கி வைத்தேன். வயிற்றருகே துணி உப்பி நின்றது, நடக்கவும் இயலவில்லை. கண்டாங்கிக்கு அகலமான நான்கு அல்லது ஐந்து கொசுவங்களே போதும். வழுக்கும் சாட்டின் பாவாடையைத் தவிர்த்து, பருத்திப் பாவாடையை இறுக்கிக் கட்டுங்கள். கரையின் கீழ் விளிம்பு கணுக்காலுக்கு இரண்டு விரல்கடை மேலே நிற்கட்டும். பழைய ஆச்சிமார் இன்னும் உயரமாகவே கட்டினார்கள். தரையில் உரசாததால் கரை தேயவில்லை, வேலைக்கும் தடையில்லை. முந்தானையைத் தனித்தனி மடிப்பாக அடுக்காமல், கரை முழுவதும் தெரியும்படி தோளில் ஒற்றையாக விட்டு, ரவிக்கையோடு சேர்த்து ஒரே ஓர் ஊசி குத்துங்கள். நைந்த இடத்தில் ஊசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டின் பழைய முறையான பின்கொசுவத்தை விடுமுறை நாளில் வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது. சேலையின் தொடக்க முனையில் கொசுவம் வைத்து, அதை இடுப்பின் பின்புறம் நிறுத்தி, எஞ்சிய துணியை அதன்மேல் இறுக்கிச் சுற்றி, கொசுவத்தின் மேல்முனையை விசிறிபோல வெளியே விரித்துவிட வேண்டும். முன்பக்கம் தடையில்லாமல் இருப்பதால், குனிந்து நிமிர்வது உண்மையிலேயே எளிதாகிறது. கைக்குப் பழகும்வரை ஒருவர் பின்னால் நின்று உதவினால் விரைவில் வந்துவிடும்.

ரவிக்கைக்குக் கரையின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். சேலையின் உடலில் ஓடும் மெல்லிய கோட்டின் நிறத்தில் எடுத்தால் இன்னும் அழகாக இருக்கும் என்பது என் கருத்து. கட்டம் போட்ட சேலைக்கு வெற்று நிறத் துணியே பொருந்தும். முழங்கை வரை நீளும் கை அல்லது சிறிய பஃப் கை பழைய சாயலைத் தருவதோடு, அலுவலகத்துக்கும் பொருத்தமாக அமையும். நகை அதிகம் வேண்டாம். சிறு தோடும் இரண்டு வளையல்களும் போதும். அகலக் கரையே போதிய அணியாகிவிடுகிறது. காலுக்குத் தட்டையான தோல் செருப்பு நன்றாக இருக்கும்.

உடுத்திய சேலையை அன்றே மடித்து வைக்காமல், வியர்வை காயும்வரை கொடியில் போடுங்கள். நீண்ட நாள் எடுத்துவைப்பதாக இருந்தால் கஞ்சியை முற்றிலும் அலசிப் போக்கிவிடுங்கள். அந்தக் கஞ்சியைத் தேடியே இராமபாணப் பூச்சி வரும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டைத் தனியே ஒரு சிறு முடிச்சாகக் கட்டி அருகில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, முன்பு மடித்த கோட்டிலேயே மறுபடியும் மடிக்காமல், கோட்டை மாற்றி மடியுங்கள்.